நூறு வார்த்தைக்கு 13 தடுமாற்றம், ஆனா திக்குவாய் இல்ல: ரெண்டு மொழில வளர்ற ஒரு கிண்டர்கார்டன் பையனோட நிகழ்வு ஆய்வு

நான் டெக்சாஸ்ல சான் அன்டோனியோ பக்கம் பப்ளிக் ஸ்கூல்ஸ்ல ஸ்பீச் தெரபிஸ்டா வேலை பாக்குறேன். வீட்ல ஸ்பானிஷ், ஸ்கூல்ல ஸ்பானிஷும் இங்கிலீஷும்னு வளர்ற ஒரு பையனை ஒரு வருஷத்துக்கு மேல பார்த்தேன், அந்தக் கேஸை முதல்ல இருந்து எழுதி வைக்கிறேன். அவங்க அம்மாகிட்ட கேட்டுட்டு தான் எழுதுறேன். யாருன்னு கண்டுபிடிக்கிற மாதிரி இருந்த சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் மாத்திட்டேன், நடந்த வரிசையும் நாங்க எடுத்த முடிவுகளும் அப்படியே இருக்கு. இந்தக் கேஸ்ல நானே ஆரம்பத்துல ஒரு தப்பு பண்ணேன், அதையும் மறைக்காம எழுதணும்னு தான் உட்கார்ந்திருக்கேன்.

பின்னணி

பையனுக்கு அப்போ 5 வயசு 8 மாசம். அப்பா அம்மா ரெண்டு பேரும் மெக்சிகோல இருந்து வந்தவங்க, பையன் இங்கயே பொறந்தவன். அப்பாவுக்கு வீட்டுக் கூரை போடுற வேலை, சைட்ல பேசிப் பேசி இங்கிலீஷ் ஓரளவு வரும். அம்மா ராத்திரி ஷிஃப்ட்ல ஆபீஸ் பில்டிங் கிளீன் பண்ற வேலைக்குப் போறாங்க, இங்கிலீஷ் புரியும், பேச வராது. அம்மாவைப் பெத்த பாட்டி கூடவே இருக்காங்க, அவங்களுக்கு ஸ்பானிஷ் மட்டும் தான். மூணாவது படிக்கிற ஒரு அக்கா, அவளும் தம்பியும் தங்களுக்குள்ள ரெண்டையும் கலந்து பேசிக்குவாங்க.

இங்கிலீஷ் தினமும் காதுல விழ ஆரம்பிச்சது 4 வயசுல தான். இங்கிலீஷ் பேசத் தெரியாத குழந்தைக்கு டெக்சாஸ்ல 4 வயசுல ப்ரீ-கே, அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தின வகுப்பு, இலவசம், அதுல சேர்த்தாங்க. அப்புறம் கிண்டர்கார்டன், அது டூயல் லாங்குவேஜ் கிளாஸ், காலைல ஒரு டீச்சர்கிட்ட ஸ்பானிஷ், மத்தியானம் இன்னொரு டீச்சர்கிட்ட இங்கிலீஷ்.

எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே ஒண்ணு நடந்திருக்கு, அது எங்களுக்கு ரொம்ப லேட்டா தான் தெரிஞ்சது. அந்த வருஷம் கோடை லீவுல வழக்கமான செக்கப்புக்கு ஒரு கிளினிக் போயிருக்காங்க. பையன் வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்றான்னு அம்மா சொன்னதும், அங்க இருந்த ஒருத்தங்க "ரெண்டு மொழி அவனைக் குழப்புது, இனிமே வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மா அதை அப்படியே கடைப்பிடிச்சிருக்காங்க.

ரெஃபரல் வந்தது

அக்டோபர் நடுவுல மத்தியான டீச்சர்கிட்ட இருந்து ரெஃபரல் வந்துச்சு. ஒரு வார்த்தையை மூணு நாலு தடவை சொல்றான், கதை சொல்ற நேரத்துல மத்த பசங்க பொறுமை இல்லாம அவனுக்குப் பதிலா முடிச்சிடுறாங்க, திக்குவாயான்னு பாருங்கன்னு எழுதியிருந்தாங்க. அக்கறையா எழுதின ரெஃபரல், டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். மாசக் கடைசில அம்மா சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டாங்க. டெக்சாஸ்ல கையெழுத்து விழுந்ததுல இருந்து 45 பள்ளி நாளுக்குள்ள மதிப்பீட்டு ரிப்போர்ட்டை முடிச்சாகணும்.

முதல் நாள், இங்கிலீஷ்ல மட்டும்

எனக்கு ஸ்பானிஷ் அரைகுறை. கேட்டா பாதி புரியும், ஒரு குழந்தையை அதுல மதிப்பீடு பண்ற அளவுக்கெல்லாம் கிடையாது. ஸ்பானிஷ் பேசுற ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருத்தங்க நாலஞ்சு ஸ்கூலுக்குச் சேர்த்து வர்றாங்க, அவங்க டைம் கிடைக்க ரெண்டு வாரம் ஆகும்னு தெரிஞ்சதால நான் இங்கிலீஷை முதல்ல முடிச்சிடலாம்னு உட்கார்ந்தேன்.

எழுத்தே இல்லாத படப்புத்தகம், ஒரு பையனும் அவன் தவளையும் வர்ற கதை. அவன் சொல்லச் சொல்ல ரெக்கார்ட் பண்ணி அப்புறம் வார்த்தை வார்த்தையா எழுதினேன். மொத்தம் 300 வார்த்தை. எங்க வழக்கத்துல எல்லாத் தடுமாற்றத்தையும் ஒரே கூடைல போட மாட்டோம். "ம்ம்", "அது வந்து"ன்னு இழுக்கிறது, சொன்னதை மாத்திச் சொல்றது, ரெண்டு மூணு வார்த்தையைச் சேர்த்துத் திரும்பச் சொல்றதெல்லாம் யாருக்கும் வர்றது. ஒரு சத்தத்தையோ அசையையோ ஒரே அசை உள்ள வார்த்தையையோ திரும்பத் திரும்பச் சொல்றது, சத்தத்தை இழுக்கிறது, சத்தமே வராம அடைச்சு நிக்கிறது, இதெல்லாம் திக்கல் வகைன்னு தனியா எண்ணுவோம். இங்கிலீஷ் மட்டும் பேசுற குழந்தைங்களை வச்சு ரொம்ப நாளா ஒரு அளவுகோல் இருக்கு, நூறு வார்த்தைக்கு 3 அல்லது அதுக்கு மேல இந்த வகை வந்தா திக்குவாயா இருக்கலாம்னு சந்தேகப்படணும். இவனுக்கு 300 வார்த்தைல 21 வந்துச்சு. நூறுக்கு 7.

அளவுகோலை விட ரெண்டு மடங்குக்கும் மேல. நான் அன்னைக்கே என் குறிப்புல "திக்குவாய், மிதமான அளவு"ன்னு எழுதிட்டேன். அதோட விட்டிருந்தாக்கூட பரவாயில்ல, சாயங்காலம் ஸ்கூல் வாசல்ல பையனைக் கூட்டிட்டுப் போக வந்த அம்மாகிட்ட "கொஞ்சம் திக்கல் மாதிரி தெரியுது, இன்னும் பார்க்கணும்"னு அக்காவை மொழிபெயர்க்கச் சொல்லிச் சொன்னேன். எட்டு வயசுப் பொண்ணு கைல அப்படி ஒரு செய்தியைக் கொடுத்தது பெரிய தப்பு. அம்மா ஒண்ணுமே கேக்கல, "கிராசியாஸ், மாயெஸ்த்ரா"ன்னு நன்றி சொல்லிட்டு பையனோட பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தாங்க, பையன் ஏதோ சொல்லிக்கிட்டே கூட ஓடினான், அவங்க அவன் பக்கம் திரும்பவே இல்ல. அந்த முகம் இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு.

ரெண்டு வாரம் கழிச்சு, ஸ்பானிஷ்ல

அந்த ஸ்பானிஷ் தெரபிஸ்ட் வந்தாங்க, அதே மாதிரி படக்கதை, நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். எண்ணினா நூறு வார்த்தைக்கு 13. இங்கிலீஷை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ரெண்டு மொழிலயும் இருக்கு, வீட்டு மொழில இன்னும் அதிகமா இருக்கு, அப்போ திக்குவாய் உறுதி தானேன்னு நான் நினைச்சேன். அவங்க ஒண்ணும் சொல்லாம ரெக்கார்டிங்கைப் பின்னாடி ஓட்டி ஒரு வாக்கியத்தை நாலஞ்சு தடவை போட்டுக் காமிச்சாங்க. தவளை ஜாடியில இருந்து வெளிய போயிடுச்சுன்னு பையன் சொல்ற இடம் அது:

"எல்... எல்... லா லா ரானா சே சே சாலியோ தே... தெல் தெல் ஃப்ராஸ்கோ."

ரானான்னா தவளை. ஸ்பானிஷ்ல தவளை பெண்பால், முன்னாடி "லா" வரணும். ஜாடி ஆண்பால், அதுக்கு "எல்", அது "தே"ங்கிற சொல்லோட ஒட்டி "தெல்"னு ஆகும். இப்போ அவன் எங்க நின்னு நின்னு போறான்னு பாருங்க. "எல்"னு ஆரம்பிச்சு, தப்புன்னு தோணி, "லா"வுக்கு மாறி, அதைப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் வினைக்கு முன்னாடி வர்ற "சே"ல நின்னு, அப்புறம் "தெல்"ல நிக்கிறான். ரானாலயோ ஃப்ராஸ்கோலயோ ஒரு தடவைகூட சிக்கல. ஆண்பாலா பெண்பாலா, ஒருமையா பன்மையா, வினையை எப்படி முடிக்கிறதுன்னு முடிவு எடுக்க வேண்டிய வாசல்ல தான் ஒவ்வொரு தடவையும் நிக்கிறான். எல், லா, தே, கே, சே, லோ, இ... இதெல்லாம் ஸ்பானிஷ்ல ஒரே அசைச் சொற்கள், பேச்சுல ஓயாம வரும். இதுல ஒண்ணு ரெண்டு தடவை கூட வந்தாலே நம்ம கணக்குல திக்கல் வகைன்னு விழுந்துடும். எண்ணிக்கை ஏறினது எதனாலன்னு எனக்கு அங்க தான் புரிஞ்சது.

அடுத்து அவங்க சத்தத்தை நிறுத்திட்டு வீடியோவை மட்டும் ஓட்டினாங்க. பையன் நாற்காலில காலை ஆட்டிக்கிட்டே சொல்றான். "எல் எல் லா லா" வர்ற நேரத்துலயும் கால் அதே வேகத்துல ஆடுது. கண்ணு படத்துல இருக்கு, அப்பப்போ எங்களைப் பாக்குது. உதடு இறுகல, தாடை நிக்கல, கண்ணை மூடிச் சிமிட்டல, கழுத்து நரம்பு தெரியல. திரும்பச் சொல்றது எல்லாமே ஒரே தாளத்துல, அவசரம் இல்லாம. திக்குற குழந்தைங்க நிறைய பேரைப் பார்த்திருக்கேன், அங்க சத்தம் உள்ளயே மாட்டிக்கிட்டு உதடு ஒட்டி நிக்கும், வார்த்தையைத் தள்ளுறதுக்கு தலையோ கையோ சேர்ந்து அசையும், சில பேர் அந்த வார்த்தையே வேண்டாம்னு வேற வார்த்தைக்குத் தாவிடுவாங்க. இவன்கிட்ட இழுவையும் இல்ல, அடைப்பும் இல்ல. ரெண்டு ரெக்கார்டிங்கையும் சேர்த்துத் தேடினோம், ஒண்ணுகூட இல்ல.

இது எங்களோட கண்டுபிடிப்பு இல்ல. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல, ஆஸ்டின்ல, கோர்ட்னி பர்டும் கூட வேலை செஞ்சவங்களும் 2015ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 5 வயசு 6 மாசத்துல இருந்து 6 வயசு 7 மாசம் வரைக்கும் உள்ள, திக்குவாய் இல்லாத, ஸ்பானிஷ்-இங்கிலீஷ் ரெண்டும் பேசுற 18 குழந்தைங்களை எடுத்து எண்ணிப் பார்த்தாங்க. திக்கல் வகைத் தடுமாற்றம் நூறு வார்த்தைக்கு 3ல இருந்து 22 வரைக்கும் வந்துச்சு, எல்லாரும் நல்லாப் பேசுற குழந்தைங்க தான். எந்த மொழில குழந்தை கெட்டிங்கிறதால பெரிய வித்தியாசம் வரல, ஆனா ஸ்பானிஷ் பேசுறப்போ எல்லாருக்குமே இங்கிலீஷை விட அதிகமா வந்துச்சு. எங்க பையனோட 7ம் 13ம் அந்த வரம்புக்குள்ள தான் இருக்கு. இந்த ஆய்வு எனக்குத் தெரியாம இல்ல, படிச்சிருக்கேன், ஆனாலும் முதல் நாள் அந்த 7ஐப் பார்த்ததும் கை தானா பழைய அளவுகோலுக்குப் போயிடுச்சு. இதே குழு ரெண்டு மொழி தெரிஞ்ச தெரபிஸ்ட்களுக்கே திக்காத குழந்தையோட பேச்சைப் போட்டுக் காமிச்சப்போ பெரும்பாலானவங்க திக்குவாய்னு தான் சொல்லியிருக்காங்க, அதனால இது என் ஒருத்திக்கு மட்டும் நடக்கிற தப்பு இல்ல.

மீதி பரிசோதனை

ஒரு குழந்தை நிறையத் தடுமாறுறதுக்கு மொழி வளர்ச்சில குறை இருக்கிறதும் காரணமா இருக்கலாம், அதையும் பார்த்தோம். ஸ்பானிஷ்-இங்கிலீஷ் குழந்தைங்களுக்குன்னே செஞ்ச பெஸா டெஸ்ட், 4 வயசுல இருந்து 7 வயசுக்குள்ள உள்ளவங்களுக்கானது. இலக்கணம், சொல்-பொருள் ரெண்டுலயும் எந்த மொழில நல்லா பண்றானோ அதை எடுத்துக்கணும். ரெண்டுமே வயசுக்குத் தக்க அளவுல இருந்துச்சு. சின்னக் குழந்தைங்க தங்க பேச்சைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு பாக்குற கிடிகேட் கேள்விகள் 12ஐயும் கேட்டோம், ஆமா-இல்லைன்னு பதில் சொன்னாப் போதும். ஒரே ஒரு கேள்விக்குத் தான் பேச்சு கஷ்டம்ங்கிற பக்கம் பதில் சொன்னான். பேசுறப்போ அப்பா நடுவுல நிறுத்துறதைப் பத்தி அவனே சொன்னதும் அப்போ தான்: "எங்கப்பா எப்பவும் தெஸ்பாசியோ, தெஸ்பாசியோன்னு சொல்றாரு." மெதுவா, மெதுவான்னு அர்த்தம்.

வீட்ல என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சுன்னு தெரிஞ்சது

டிசம்பர்ல அம்மாவோட ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம், இந்தத் தடவை ஸ்பானிஷ் தெரபிஸ்ட் பேசினாங்க. காலைல எழுந்ததுல இருந்து தூங்குற வரைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பையன்கிட்ட யார் பேசுறாங்க, எந்த மொழில, அவன் எந்த மொழில பதில் சொல்றான்னு கட்டம் கட்டமா நிரப்புற ஒரு படிவம் இருக்கு. அதை நிரப்பிக்கிட்டே வந்தோம். சாயங்காலம் 4ல இருந்து 6 வரைக்கும் வந்ததும் அம்மா பேனாவைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அந்த நேரத்துல யார் பேசுவாங்கன்னு கேட்டா, "டிவி"ன்னாங்க.

அதுக்கு முன்னாடியெல்லாம் அந்த ரெண்டு மணி நேரம் தான் அம்மாவும் பையனும் சேர்ந்து சமைக்கிற நேரமாம். அம்மா வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டார்ட்டியா தட்டிக்கிட்டே அவன்கிட்ட அன்னைக்கு நடந்ததெல்லாம் கேப்பாங்களாம். கிளினிக்ல ஸ்பானிஷை நிறுத்தச் சொன்னதுக்கு அப்புறம் அவங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல "ஈட்", "ஹோம்வொர்க்", "பாத்"னு நாலு வார்த்தை தான் அவன்கிட்ட பேச முடிஞ்சிருக்கு. பாட்டி இன்னும் ஒரு படி மேல, தான் பேசினா பேரனுக்கு நோய் கூடிடும்னு பயந்து அவன் வந்து பேசினாலே தலையை மட்டும் ஆட்டிட்டு எழுந்து போயிடுவாங்களாம். நான் வாசல்ல சொன்ன வார்த்தைக்கு அப்புறம் அம்மா இன்னும் கட்டுப்படுத்தியிருக்காங்க. இதைச் சொல்றப்போ அவங்க அழல, குரல் மட்டும் ரொம்பத் தணிஞ்சு போச்சு. கேட்டுக்கிட்டு இருந்த எனக்குத் தான் தாங்கல.

கடைசில கிளம்புறப்போ வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இன்னொண்ணு சொன்னாங்க. அவங்க தம்பி, பையனோட மாமா, சின்ன வயசுல இருந்து திக்குவாய், முப்பது வயசுக்கு மேல ஆகியும் போன்ல பேச மாட்டார். குடும்பத்துல யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்களாம். கிளினிக்ல சொன்னதும் அவங்க மனசுல முதல்ல வந்து நின்னது தம்பியோட முகம் தான். அதனால தான் ஒரு கேள்விகூட கேக்காம மொழியை நிறுத்தியிருக்காங்க.

இது எங்க கணக்கையும் மாத்துச்சு. ரத்த சொந்தத்துல திக்குவாய் நீடிச்சிருந்தா குழந்தைக்கும் வாய்ப்பு கூடும், பையனா இருந்தா இன்னும் கொஞ்சம் கவனமா இருக்கணும். "ஒண்ணும் இல்ல போங்க"ன்னு அனுப்புற கேஸ் இல்ல இது.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

ஜனவரி கடைசில, பையனுக்குத் தெரபி தேவையான்னு முடிவு பண்ற ஸ்கூல் கமிட்டி உட்கார்ந்துச்சு, அப்பா, அம்மா, ரெண்டு டீச்சர், நாங்க ரெண்டு தெரபிஸ்ட், ஸ்கூல் நிர்வாகத்துல இருந்து ஒருத்தர். எங்க ரிப்போர்ட் சொன்னது: இப்போதைக்கு திக்குவாய் இல்ல, தெரபிக்கு எடுக்க வேண்டாம், ஆனா ஒரு வருஷம் தொடர்ந்து பாக்கணும்.

ஒருத்தர் நியாயமான கேள்வி கேட்டாங்க. அளவுகோல் 3, இவனுக்கு 7ம் 13ம், தெரபி இலவசம், வாரத்துக்கு ரெண்டு தடவை அரை மணி நேரம் கொடுத்துட்டா என்ன நஷ்டம்? நானும் மூணு மாசம் முன்னாடி அந்தப் பக்கம் தான் நின்னேன். நாங்க சொன்ன பதில் இது. அந்த 3 இவனை மாதிரிக் குழந்தைங்களை வச்சு போட்ட கோடு இல்ல. அவன் தடுமாறுற இடமெல்லாம் இலக்கணம் தேடுற இடம், உடம்புல இறுக்கம் இல்ல, தாளம் கெடல, அவனுக்கு அதைப் பத்திக் கவலையும் இல்ல. கவலை இல்லாத குழந்தையைக் கிளாஸ்ல இருந்து வாரம் ரெண்டு தடவை எழுப்பிக் கூட்டிட்டுப் போய் உன் பேச்சைச் சரி பண்ணலாம் வான்னு உட்கார வச்சா, பேச்சுல ஏதோ கோளாறுன்னு அவனுக்கு நாமளே சொல்லிக் கொடுக்கிறோம். அதோட ஒரு தடவை ஃபைல்ல திக்குவாய்னு ஏறினா அது அவனோட கூடவே வரும்.

மொழியை நிறுத்துற விஷயத்துல நாங்க ரொம்ப அழுத்தமாப் பேசினோம். இந்த பயம் பழசு. 1937லயே இந்தியானா மாநிலத்துல ஈஸ்ட் சிகாகோங்கிற ஊர்ல 4,827 பள்ளிக் குழந்தைங்களைப் பார்த்து ஒரு மொழிக்காரங்கள்ல 1.8 சதவீதம், ரெண்டு மொழிக்காரங்கள்ல 2.8 சதவீதம் பேர் திக்குறாங்கன்னு எழுதினாங்க. ரெண்டும் சேர்ந்து இருக்குங்கிறது வேற, ஒண்ணால இன்னொண்ணு வந்துச்சுங்கிறது வேற. 2009ல லண்டன்ல வந்த ஒரு ஆய்வுதான் இந்த பயத்தை மறுபடி கிளப்புச்சு, 317 திக்குற குழந்தைங்க, அதுக்கு நிறைய எதிர்ப்பும் வந்துச்சு. ஆனா அதை எழுதினவங்களே சொன்னது இங்கிலீஷைக் கொஞ்சம் தள்ளி ஆரம்பிங்கன்னு தான், வீட்டு மொழியை விடுங்கன்னு இல்ல. கிளினிக்ல இந்த அம்மாவுக்குக் கிடைச்ச அறிவுரை அதுக்கும் நேர் எதிர். ரெண்டு மொழி பேசுறதால திக்குவாய் வரும்னு காட்டுறதுக்கு ஆதாரம் கிடையாது. அம்மாகிட்ட இருந்து பேச்சையே பிடுங்கிட்டா குழந்தை கேக்குற நல்ல வாக்கியங்கள் குறையும், அவன் எந்த இலக்கணத்துல தடுமாறுறானோ அதைத்தான் கேக்காம ஆயிடுவான்.

அதனால வீட்டுக்கு நாங்க கேட்டது மூணே விஷயம். அம்மாவும் பாட்டியும் ஸ்பானிஷ்ல முன்ன மாதிரி பேசணும். அப்பா "தெஸ்பாசியோ" சொல்றதை விட்டுட்டு, அவன் முடிக்கிற வரைக்கும் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கணும், தேவைன்னா தன்னோட பேச்சை மட்டும் மெதுவாக்கிக்கலாம். மூணாவது, இழுவையோ அடைப்போ முகத்துல இறுக்கமோ பேச பயமோ எது தெரிஞ்சாலும் அன்னைக்கே கூப்பிடணும், அதெல்லாம் எப்படி இருக்கும்னு நாங்களே நடிச்சுக் காமிச்சோம். அப்பா ரெண்டு தடவை திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தார். டீச்சர்களுக்கு, மத்த பசங்க குறுக்க விழுந்து முடிக்காம இருக்க கதை நேரத்துல ஒரு பொம்மையைக் கைல கொடுத்து, பொம்மை யார்கிட்ட இருக்கோ அவங்க மட்டும் பேசணும்னு ஒரு வழி. அது இவனுக்குன்னு இல்லாம மொத்தக் கிளாஸுக்கும்.

மாமாவைப் பத்தி அம்மா கேட்டாங்க. இப்போ இல்லைங்கிறதால எப்பவும் வராதுன்னு எங்களால சத்தியம் பண்ண முடியாது, திக்குவாய் பெரும்பாலும் 2ல இருந்து 5 வயசுக்குள்ள தான் ஆரம்பிக்கும், அவன் அந்த வயசைத் தாண்டிக்கிட்டு இருக்கான், அப்படியே வந்தாலும் அது ஸ்பானிஷ் பேசினதால வந்ததா இருக்காதுன்னு சொன்னோம். கடைசி வரியை மட்டும் ரெண்டாவது தடவையும் சொல்லச் சொன்னாங்க.

அதுக்கப்புறம் நடந்தது

மார்ச்ல முதல் ஃபாலோ-அப். இங்கிலீஷ் 7, ஸ்பானிஷ் 12. எண்ணிக்கை அசையவே இல்லைன்னு சொல்லலாம், ஆனா ஸ்பானிஷ் கதை நீளமாயிடுச்சு, வாக்கியத்துக்குள்ள வாக்கியம் வச்சுப் பேசுறான். கொஞ்சம் பெருசா பேசப் பாக்குறப்போ தடுமாற்றம் கூடவே வரும், அதனால எங்களுக்குக் கவலை வரல.

ஏப்ரல்ல தான் பதறினோம். மத்தியான டீச்சர் மெயில் போட்டாங்க, இப்போ சத்தத்தை இழுக்கிறான், "ஸ்ஸ்ஸ்ஸ்"னு நிக்கிறான், நீங்க சொன்ன அடையாளம் வந்துடுச்சுன்னு. மறுநாளே கிளாஸ்ல போய் பின்னாடி உட்கார்ந்தேன். ரீடிங் நேரம். போர்டுல சூரியன்ங்கிறதுக்கான இங்கிலீஷ் வார்த்தை, மூணே எழுத்து. பையன் விரலை ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ நகர்த்திக்கிட்டே "ஸ்ஸ்ஸ்ஸ்... அஅஅ... ன்ன்ன்... சன்!"னு கத்தினான், சிரிப்பு வேற. பக்கத்து சீட் பொண்ணும் அதே மாதிரி தான் இழுத்தா. அந்த மாசம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுல சத்தத்தை நிறுத்தாம இழுத்து ஒட்டணும்னு கிளாஸ் மொத்தத்துக்கும் சொல்லிக் கொடுத்திருக்காங்க, அவன் அதை ஒழுங்கா செய்யுறான், அவ்வளவுதான். ஆனாலும் விளையாட்டு நேரத்துல பேச்சை ஒரு இருபது நிமிஷம் ரெக்கார்ட் பண்ணிப் பார்த்துட்டுத் தான் நிம்மதியானேன். இழுவை இல்ல. டீச்சர் கவனிச்சு உடனே எழுதினதுக்கு நன்றி சொன்னேன், அப்படி எழுதுறவங்க இருந்தா தான் இந்த மாதிரி காத்திருந்து பாக்குற முடிவெல்லாம் எடுக்க முடியும்.

மே மாசம் இங்கிலீஷ் 5, ஸ்பானிஷ் 9. ஒண்ணாம் கிளாஸ் போன அப்புறம் அக்டோபர்ல, முதல் ரெஃபரல் வந்து சரியா ஒரு வருஷம் கழிச்சு, இங்கிலீஷ் 4, ஸ்பானிஷ் 6. பழைய அளவுகோலை வச்சுப் பார்த்தா இன்னைக்கும் அவன் கோட்டுக்கு மேல தான் இருக்கான். இறுக்கம், இழுவை, அடைப்பு இன்னும் பூஜ்யம். "லா ரானா"ன்னு ஒரே மூச்சுல சொல்றான். பன்மைல இன்னும் "லோஸ் லோஸ் லாஸ்"னு நிக்கிறான். வீட்ல நாங்க சொன்னதால தான் குறைஞ்சதுன்னு நான் உரிமை கொண்டாட மாட்டேன், வயசு ஏறினதுலயே குறைஞ்சிருக்கலாம், ஒரே ஒரு குழந்தையை வச்சு அதைப் பிரிச்சுச் சொல்ல வழி இல்ல. ஆனா அந்த மணிக்கணக்கு படிவத்தை மறுபடி நிரப்பினோம். 4ல இருந்து 6 வரைக்கும் உள்ள கட்டத்துல இந்தத் தடவை அம்மா, பாட்டி, ஸ்பானிஷ்.

அடுத்த தடவைன்னா என்ன மாத்துவேன்

ஒரு மொழியை மட்டும் கேட்டுட்டு குறிப்புல கூட நோயோட பேரை எழுத மாட்டேன். ரெண்டாவது மொழி தெரிஞ்சவங்க வர ரெண்டு வாரம் ஆகும்னா ரெண்டு வாரம் காத்திருப்பேன். பெத்தவங்ககிட்ட பாதி செய்தியை வாசல்ல வச்சுச் சொல்றது, அதையும் கூடப் பொறந்த குழந்தை வழியா சொல்றது, இனிமே என் வேலைல கிடையாது. அவசரமா ஒண்ணும் இல்லாத இடத்துல நான் காமிச்ச அந்த அவசரத்தால அந்த வீட்ல இன்னும் ரெண்டு மாசம் பேச்சு நின்னு போச்சு.

வீட்ல யார் என்ன அறிவுரை கொடுத்தாங்கன்னு முதல் சந்திப்புலயே கேட்டிருக்கணும். எங்க படிவத்துல வீட்டு மொழி எதுன்னு கேள்வி இருக்கு, சமீபத்துல வீட்ல மொழியை மாத்தினீங்களா, யார் சொல்லி மாத்தினீங்கன்னு கேள்வி இல்ல. இப்போ நான் அதைக் கையால எழுதிச் சேர்த்துக்குறேன். பாட்டியைக் கூப்பிடவே இல்ல, அதுவும் குறை தான், பையன் அதிக நேரம் இருக்கிறது அவங்களோட. படக்கதையை மட்டும் நம்பாம வீட்ல சாப்பிடுறப்போ பேசுறதை போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கொண்டு வரச் சொல்லியிருந்தா ஆரம்பத்துலயே நிறைய தெரிஞ்சிருக்கும். எண்ணிக்கையோட கூடவே எந்த வார்த்தைல நின்னான்னு ஒரு தனி வரி எழுதுறதையும் இப்போ வழக்கமாக்கிட்டேன், அந்த ஸ்பானிஷ் தெரபிஸ்ட்கிட்ட கத்துக்கிட்டது. டீச்சர்களுக்கு இழுவை எப்படி இருக்கும்னு காமிக்கிறப்போ எழுத்துக் கூட்டுறப்போ இழுக்கிறது அது இல்லைன்னும் சேர்த்துக் காமிக்கணும்.

இங்க இருக்கிற தமிழ்க் குடும்பங்களும் என்கிட்ட இதே கேள்வியைக் கேக்குறாங்க, குழந்தை தடுமாறுது, தமிழை நிறுத்திடவான்னு. நிறுத்தாதீங்கன்னு தான் சொல்றேன். ஆனா மேல சொன்ன 3ல இருந்து 22ங்கிற வரம்பு ஸ்பானிஷ்-இங்கிலீஷ் குழந்தைங்களோடது, தமிழ்க் குழந்தைக்கு அதை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. நம்ம மொழில எல், லா மாதிரி முன்னாடி நிக்கிற சொல்லே கிடையாது, முடிவெடுக்கிற வேலையெல்லாம் வார்த்தையோட வால்ல நடக்குது, தடுமாற்றம் வேற இடத்துல வேற மாதிரி வரலாம். குழந்தை பேச கஷ்டப்பட்டு முகத்தை இறுக்கினாலோ சத்தம் வராம நின்னாலோ பேச்சையே தவிர்த்தாலோ எந்த மொழிக் குழந்தையா இருந்தாலும் தாமதிக்காம ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க.

இந்தப் பையனோட ஃபைலை நாங்க இன்னும் மூடல. ஒரு வருஷம்னு சொன்னதை மாமாவை மனசுல வச்சு இன்னொரு ஆறு மாசம் நீட்டியிருக்கோம். அடுத்த பார்வை ஏப்ரல்ல, இந்தத் தடவை பாட்டியும் வர்றாங்க.